மாத்தலாமா, சரி பண்ணலாமா

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் போன் செய்து, "ஒரு எழுத்து சரியில்லடா, மாத்திடு" என்பார். மாற்றினால், "முன்னாடி இருந்ததே தேவலாம்போல" என்பார். செங்கம் ரோட்டில் அவரைத் தெரிந்த எல்லாருக்கும் அவர் பாய்தான். முப்பதைத் தொடாத வயசு. தாடி ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் கம்மியாகவும் வளரும். அதிலும் அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. எடுத்துடலாமா, விட்டுப் பாக்கலாமா?

எதைக் கையில் எடுத்தாலும் அந்தக் கேள்விதான். பைக் செயின் சத்தம் போட்டால், மாத்தலாமா சரி பண்ணலாமா. செருப்பு வார் பிய்ந்தால், அதே. டீக்கடையில் கேட்பார், ஆட்டோ ஸ்டாண்டில் கேட்பார், பெட்ரோல் பங்க்கில் நமக்குப் பின்னால் வண்டியை நிறுத்தியிருப்பவரிடம் கேட்பார். எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டால் அவருக்குப் பிடிக்காது. வேறு பதில் சொல்கிற ஆளைத் தேடிக் கிளம்பிவிடுவார்.

நானும் அவரும் ஒரு அறையைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஆசிரமத்துக்கு எதிரே போகிற சந்தில், மொட்டைமாடியில், தகரம் போட்ட அறை. எனக்கு ஊர் அடி அண்ணாமலை. எங்கள் வீட்டில் காலேஜ் வரைக்கும் போன முதல் ஆள் நான். டிகிரியை முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மாடும் டிவியும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் சத்தம் போடும் என்பதால் டவுனில் இடம் தேடினேன். அவருக்கு வீடு டவுனிலேயே இருந்தது. ஆனால் அவருடைய அண்ணனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அது தூங்கும்போது கிட்டார் வாசிக்கக் கூடாது. அது எப்போது தூங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பகலில் அறை எனக்கு, சாயந்திரம் அவருக்கு என்று ஒப்பந்தம். ஒப்பந்தத்தை அவர் ஒரு நாளும் மதித்ததில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்திலேயே படியில் அவர் காலடி கேட்கும். இரண்டு இரண்டு படியாக ஏறுவார்.

"நீ படிடா, நான் சத்தமே போட மாட்டேன். ஸ்க்ரூதான்."

அது கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டார். காலேஜ் படிக்கும்போது ஆன்லைனில் வாங்கியது. கிட்டார், ஒயர், பை, குட்டி ஸ்பீக்கர் எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வந்ததாம். அந்த விலைக்கு எது வருமோ அதுதான் வந்திருந்தது. ஸ்பீக்கரில் சொருகினால் வாசிப்பதற்கு முன்பே ஓர் உறுமல் கிளம்பும். கம்பியில் கை வைத்தால் அடங்கும், எடுத்தால் ஏறும். ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தக் கட்டைகளை, அவற்றின் பெயர் பிக்கப், அவர் அடிக்கடி கழற்றி மாட்டுவார். நான் அரசியலமைப்புச் சட்டத்தின் பாதியை அந்த உறுமலோடுதான் படித்தேன். இப்போது செய்யாறு பக்கம் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஜெராக்ஸ் மெஷின் சூடாகி உறுமும்போதெல்லாம் அடிப்படைக் கடமைகள் வரிசையாக ஞாபகம் வரும்.

"நீ இங்கிலீஷ் படிச்சவன். நெட்ல பாத்து சொல்லுடா" என்று போனை என்னிடம் நீட்டுவார். மலிவான கிட்டாரை மேம்படுத்தலாமா, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமா என்று உலகம் முழுக்க ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கழுத்துக்கட்டை நேரா இருந்தா அதையே வச்சுக்க, மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா மாத்திக்கலாம்னு ஒருத்தர் சொல்றார் பாய்."

"எந்த ஊரு?"

"கனடா."

"அங்க குளுரு. கட்ட அசையாது. இந்த வெயில்ல வந்து பாக்கச் சொல்லு. அடுத்தவன் இன்னா சொல்றான்?"

"வித்துட்டு நல்லதா ஒண்ணு வாங்குன்றார்."

"அவங்கிட்ட துட்டு இருக்கு. அடுத்து?"

"கிட்டார்ல ஒண்ணுமில்ல, போய் பிராக்டிஸ் பண்ணுன்றார் இவர்."

பாய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அவன் போட்டோ இருக்கா பாரு. மொதல்ல அவன் கைல கிட்டார் இருக்குதா இல்லையா?"

எனக்கும் சிரிக்க யோக்கியதை இல்லை. என் அலமாரியில் ஒரே பாடத்துக்கு மூன்று கைடு இருந்தன. நான்காவதை எங்கே வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இப்படி எழுதினால் அவர் எல்லாவற்றிலும் தடுமாறுகிறவர் என்று தோன்றும். அப்படியில்லை. அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, படங்களுக்குக் கண்ணாடி ஃப்ரேம் போடும் கடை. சாமி படம், கல்யாண போட்டோ, செத்துப்போனவர்களின் போட்டோ, வெள்ளைக்காரர்கள் தாங்களே எடுத்துவரும் மலை போட்டோ என்று எப்போதும் கூட்டம். அங்கே பாய் வேறு ஆள். கண்ணாடியை மேஜையில் போட்டு, அளவுக்கட்டையை வைத்து, வைரமுனையால் ஒரே இழுப்பு. இரண்டாவது முறை இழுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். அதனால் இழுத்த கோட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தட்டினால் இரண்டாகப் பிரியும். "எப்டி பாய் இதுல மட்டும் யோசிக்க மாட்டேன்றீங்க?" என்று கேட்டேன். "இதுல யோசிக்க இன்னாடா இருக்கு? கண்ணாடிதானே" என்றார். அவ்வளவுதான் பதில். அன்று சாயந்திரமே கிட்டாரின் சுருதி முறுக்கும் சாவிகளை மாற்றலாமா என்று என்னை மூன்று கடைக்கு அழைத்துப் போனார்.

சாவிகளை மாற்றினார். பிறகு பிக்கப்பை மாற்றினார். பிறகு உள் ஒயர்கள். ஒவ்வொன்றும் பார்சலில் வந்ததும் முகம் பெருநாள்போல ஆகிவிடும். "இப்ப சரியாயிடும் பாரு." ஒரு வாரம் நன்றாக இருக்கும். பிறகு மெல்லத் தலையைச் சாய்த்துக் கேட்க ஆரம்பிப்பார். எனக்கு எதுவும் கேட்காது. "இதுல ஏதோ இருக்குடா" என்பார். அந்த வார்த்தை வந்துவிட்டால் அடுத்த பார்சலுக்கு ஆர்டர் போகப்போகிறது என்று அர்த்தம்.

அவர் வாசித்தது உள்ளூர்க் குழு ஒன்றில். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கட்சிக்காரர் பிறந்தநாள். அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் பெரிய தொப்பையும் அதைவிடப் பெரிய வாயும் கொண்டவர். வாசிப்பு முடிந்து இறங்கும்போதெல்லாம் பாயைப் பிடித்துக்கொள்வார். "பாய், நாங்க எல்லாரும் பின்னாடி வர்றோம், நீ முன்னாடி போயி பந்தியில எடம் புடி." பாயும் சிரிப்பார். "ஸ்பீக்கர் எனக்கு லேட்டா கேக்குதுண்ணே, அதான்." அடுத்த முறை, "கம்பி புதுசுண்ணே, அதான்." அவர் காரணம் சொல்லும்போது பொய் சொல்வதாக ஒரு நாளும் தோன்றியதில்லை. முழு மனசோடு சொல்வார். கூட நின்று கேட்கும் நானும், பாவம், இத்தனை கஷ்டத்தில் வாசிக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

போளூரில் ஒரு ரிசப்ஷன். அன்று காலையில் ஒயரைப் பிரித்துத் திரும்பப் பற்றவைத்திருந்தார். மேடையில் முதல் பாட்டிலேயே கிட்டாரிலிருந்து சத்தம் நின்றுவிட்டது. எங்கேயோ உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருக்கிறது. இறங்கிப்போக முடியாது. நிகழ்ச்சி முடியும்வரை சத்தமே வராத கிட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். கீபோர்டு சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. பெண்ணின் தாய்மாமா மேடை ஏறி வந்து, "கிட்டார் தம்பி, பின்னிட்டபா!" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். வேனில் திரும்பும்போது எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பாய் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி மெதுவாக என்னிடம் சொன்னார். "கேலி இல்லடா. இன்னிக்குதான் நான் நல்லா வாசிச்சேன்."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

பௌர்ணமி அன்று எங்கள் வீட்டார் கிரிவலப் பாதையில் மோரும் சுண்டலும் விற்பார்கள். ஒரு பௌர்ணமிக்கு அவரைக் கூட்டிப்போனேன். சாயந்திரம், கூட்டம் அப்போதுதான் தடித்துக்கொண்டிருந்தது. அம்மா பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தவர் உடனே எழுந்து பெஞ்சைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு கால் குட்டை. கல்லை வைத்தார், ஆடியது. அட்டையை மடித்து வைத்தார், மறுபக்கம் ஆடியது. பெஞ்சில் உட்கார வந்த மூன்று பாட்டிகளும் மோர் டம்ளரோடு நின்றுகொண்டே இருந்தார்கள்.

"யப்பா பாய்," என்றாள் அம்மா, "அந்த பெஞ்சு நான் கண்ணாலம் ஆயி வந்ததுலருந்து ஆடுது. ஒருத்தரும் வுழல. நீ ஒக்காரு மொதல்ல."

"இல்லம்மா, ஒரே நிமிஷம்."

"சுத்தி வர்ற ஜனம்கூட ஒரு எடத்துல ஒக்காந்துட்டுப் போவுது. நீ ஒக்கார மாட்டேன்றியே!"

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். டம்ளரைக் காலி செய்வதற்குள் மறுபடி குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்.

வேலூர்க் குழு விஷயம் வந்தது அதற்கு அடுத்த மாதம். பெரிய குழு. மாசம் முழுக்க நிகழ்ச்சி, பெங்களூர் வரைக்கும் போவார்கள். அவர்களுடைய கிட்டார்க்காரர் துபாய் கிளம்பியிருந்தார். டிரம்ஸ் அண்ணன்தான் சொல்லி பாயை ஒத்திகைக்கு அனுப்பிவைத்தார். குழுவின் மாஸ்டர் கேட்டுவிட்டு நேராகச் சொன்னாராம். "கைல விஷயம் இருக்கு. ஆனா உன் கிட்டாரு உறுமுது, சுருதி நிக்கல. எனக்கு அதத் தாண்டி எதுவும் கேக்கல. ஆரணி ரிசப்ஷனுக்கு நல்ல கிட்டாரோட வா. சரியா போச்சுனா நீதான். இல்லனா வாணியம்பாடி பையன் ஒருத்தன் கேட்டுனே இருக்கான்."

கண்ணாடிக் கடையை அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். வேலூர்க் குழு கிடைத்தால் பாய் கிட்டார்க்காரர். கிடைக்காவிட்டால் ஃப்ரேம் கடையில் இரண்டாவது பிள்ளை. அது அவருக்குத் தெரியும். அறையில் உட்கார முடியாமல் சுவருக்கும் கதவுக்கும் நடந்தார்.

"உள்ள செப்புத் தகடு ஒட்டினா உறுமல் நிக்கும்னு போட்டிருக்கான். கம்பி உக்கார்ற அந்த நட்டுக்கட்டைய மாத்தினா சுருதி நிக்கும். இன்னும் ரெண்டே வேலடா. இவ்ளோ பண்ணிட்டு இப்பப் போய் வேற வாங்கறதா?"

"வாங்கிடுங்க பாய். போதும்" என்றேன். அதற்கு முன் அவரிடம் அப்படி அழுத்திச் சொன்னதில்லை.

அப்போது மார்ச். வெயில் ஏற ஆரம்பித்ததும் ஆசிரமம் பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்புவார்கள். கிளம்பும் முன் காபிக் கடைச் சுவர்களில் காகிதம் ஒட்டுவார்கள். ஸ்கூட்டர், மெத்தை, ஃபேன், மிக்ஸி, விற்பனைக்கு. நாங்கள் வருஷா வருஷம் பார்ப்பதுதான். எங்கள் அறையின் ஃபேனே ஒரு ஜெர்மன்காரி விட்டுப்போனது. அந்த வருஷம் ஒரு காகிதத்தின் கடைசி வரியில் எலெக்ட்ரிக் கிட்டார் என்று இருந்தது. எழுதியிருந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். தலை வழுக்கை, காலில் செருப்பு கிடையாது.

மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு பாய் அந்த வீட்டுக்கு மூன்று முறை போனார். முதல் முறை கழுத்துக்கட்டையை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டாம் முறை ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் முறை, பின்பக்கம் இருந்த சின்னக் கீறலைக் காட்டி, "இது மேல் கீறலா, உள்ள வரைக்கும் போயிருக்கானு கேளுடா" என்றார். நான் கேட்டேன். பிரெஞ்சுக்காரர் கீறலைப் பார்க்காமல் பாயைப் பார்த்தார். பிறகு கிட்டாரைப் பையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போ, கச்சேரியில வாசி, அப்புறம் வந்து வேணுமா வேண்டாமானு சொல்லு, அதுவரைக்கும் துட்டு வேணாம்னு சொல்றார் பாய்."

பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. சந்தோஷப்படுவார் என்று நினைத்த எனக்கு அது புரியவில்லை.

ஆரணி மண்டபத்தில் நான் மேடையின் ஓரத்தில், பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் ஒயரைச் சொருகினார். உறுமல் இல்லை. அவர் ஒயர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். மாட்டித்தான் இருந்தது. கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் கழுவிவைத்த தட்டுபோல வந்தது. மாஸ்டர் கீபோர்டிலிருந்து திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவது, கிட்டார் மட்டும் தனியாகத் தொடங்கி நடத்திக்கொண்டு போக வேண்டிய பாட்டு. தொடங்கினார். எனக்குத் தாளம் ஒன்றும் தெரியாது. எனக்கே கேட்டது. டிரம்ஸ் விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் கிட்டார் விழுந்தது. மறுபடியும். மறுபடியும். சத்தம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஒளிய இடமில்லை. பாட வந்த அக்கா இரண்டாவது அடிக்குள் மூச்சைப் பிடிக்க முடியாமல் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் பாடினாள். மாஸ்டர் இடது கையைத் தாழ்த்தி, மெதுவா, மெதுவா என்று காட்டினார். பாய் அதைப் பார்த்தார். அடக்கினார். நாலு வரிக்கு நின்றது. பிறகு கை தானாக ஓடியது.

அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ அவருக்குத் தெரியாமல் எடுத்த வீடியோவை அவரே பார்ப்பதுபோல இருந்தது.

முடிந்ததும் கை கழுவுகிற இடத்தில் மாஸ்டர் வந்து நின்றார். "கிட்டாரு அருமையா இருக்குபா. நீதான் ஓடுற."

பாய் சொல்லப்போகும் அடுத்த வரி எனக்குத் தெரியும். புதுக் கிட்டார் மாஸ்டர், கை இன்னும் பழகல. அது பொய்கூட இல்லை. கையில் வந்து ஒரு வாரம் ஆகாத கிட்டார். சொல்லியிருந்தால் மாஸ்டர் இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கலாம். பாய் வாசிப்பதைக் கேட்கவென்றே வந்து, கொஞ்சம் தள்ளி இலையோடு நின்றிருந்த எங்கள் ஊர் டிரம்ஸ் அண்ணன்கூட அந்தக் காரணத்துக்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"ஆமா மாஸ்டர்" என்றார் பாய். "எனக்கே கேட்டுச்சு."

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த வாணியம்பாடி பையனக் கூப்டுக்கறேன். மனசுல வச்சுக்காத."

"இல்ல மாஸ்டர்."

மறுநாள் காலையில் அவர் என்னை எழுப்பினார். கிட்டாரை முதுகில் மாட்டியிருந்தார். திருப்பிக் கொடுக்கத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு கூடப் போனேன். பிரெஞ்சுக்காரரின் வீடு ஏறக்குறையக் காலியாகியிருந்தது. மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, கச்சேரி நல்லா போச்சா என்றார்.

"போகலனு சொல்லு" என்றார் பாய். "வேற ஆளப் போட்டுட்டாங்கனு சொல்லு." சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு கவரை எடுத்துப் பிரெஞ்சுக்காரர் கையில் வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அது நடந்துவிட்டது. கேட்ட விலை அப்படியே இருந்தது. பேரம் இல்லை.

நான் சொல்லி முடித்ததும் பிரெஞ்சுக்காரருக்குக் குழப்பம். "வேலை போச்சுன்னா இது எதுக்கு?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். திரும்பி பாயைக் கேட்டேன்.

"இதுல வாசிச்சாதான்டா என் தப்பு எனக்குக் கேக்குது. அதைச் சொல்லு."

அதை இங்கிலீஷில் சொன்னேன். பிரெஞ்சுக்காரர் நெற்றியைச் சுருக்கினார். நான் எங்கேயோ தப்பாக மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்து, என்ன சொன்னான், திரும்பச் சொல் என்றார். அதேதான் சொன்னார் என்றேன். பாய் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தார்.